எல்லாவற்றுக்கும் ஒரு மாத்து

என் அக்காவும் மச்சானும் ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே ஒரு சேகோ மில் நடத்தினார்கள். மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பால் எடுத்து, அந்தப் பால் தொட்டியில் படிந்து மாவான பிறகு, அதைத் துணியில் குலுக்கி மணி மணியாக்கி, வறுத்து, களத்தில் காயவைத்தால் ஜவ்வரிசி. களத்தில் நின்று கிழக்கே பார்த்தால் கொல்லிமலை முழுதாகத் தெரியும். மில்லுக்குள் எங்கே நின்றாலும் புளித்த மாவின் வாசனை அடிக்கும். அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தால், அவள் வந்துவிட்டாள் என்பது முதலில் அந்த வாசனையில்தான் தெரியும். தலைக்குக் குளித்து, இளம்பிள்ளை ஊர்த் தறிச் சேலை கட்டிப் பூ வைத்துக்கொண்டு வந்தாலும் அது போகாது.

அந்த மில் ஒருமுறை எரிந்தது. ஆறு வருடம் கழித்து ஒருமுறை இடிந்தது. இரண்டுக்கும் நடுவில் அவர்கள் இருவரும் செய்துவந்த ஒரு காரியத்தை எழுதிவைக்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். பெரிய நகரங்கள் எரிந்ததையும் வெள்ளத்தில் போனதையும் நூலகத்தில் நிறையப் படித்திருக்கிறேன். அவற்றை மறுபடி கட்டியவர்களின் பெயரும் ஆண்டும் அந்தப் புத்தகங்களில் இருக்கும். தகரக் கொட்டகை போட்ட ஒரு சேகோ மில் எப்படி எழுந்து நின்றது என்று யாரும் எழுதுவதில்லை. அது எழுந்து நின்றதற்காக ஒருவர் எப்படி அழுதார் என்பதையும் எழுதுவதில்லை.

எரிந்தது எழுபத்து மூன்றாம் வருடம், மாசி மாதம், சிவராத்திரிக்கு முந்தைய வாரம். வறுவல் அடுப்புக்காக வாங்கி அடுக்கியிருந்த விறகில் பிடித்த தீ அரைவைக் கொட்டகைக்குத் தாவி, மோட்டாரையும் பெல்ட்டையும் சல்லடைகளையும் தின்றுவிட்டது. யாருக்கும் காயமில்லை. "தகரமும் இரும்பும்தானே, மறுபடி வாங்கிக்கலாம்" என்று மச்சான் அன்று மாலையே சொன்னார்.

ஆனால் கிழங்கு இருந்தது. மரவள்ளி மண்ணுக்குள் இருக்கும்வரை காத்திருக்கும். பிடுங்கிவிட்டால் இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுக்க ஆரம்பித்துவிடும். அப்போது சீசன் உச்சத்தில் இருந்தது. எங்கள் மில்லை நம்பிப் பிடுங்கியவர்களின் வண்டிகள் தீ அணைந்த பிறகும் வந்துகொண்டே இருந்தன. அக்கம்பக்கத்து மில்களில் அவரவர் கிழங்குக்கே இடமில்லை.

தம்மம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடியானவர், வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்துக் காத்துப் பார்த்தார். கடைசியில் ஒரு கிழங்கை எடுத்து இரண்டாக ஒடித்து அக்காவிடம் காட்டினார். வெள்ளையில் நரம்பு நரம்பாக நீலம் ஓடியிருந்தது.

"பாத்துக்கங்க அம்மிணி," என்றார். "என்ற பொண்டாட்டியும் நானும் பத்து மாசம் தண்ணி கட்டுனதுங்க."

அவர் திட்டவில்லை. வண்டியை வாசலிலேயே கவிழ்த்துவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். பங்குனி வெயிலில் அந்தக் குவியல் எங்கள் வாசலில் அழுகியது. அதை அள்ளிப் போட மச்சான் ஆள் கூப்பிட்டபோது அக்கா விடவில்லை. முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு தானே கூடை கூடையாக அள்ளிக் கொட்டினாள். முடித்துவிட்டுக் கைகழுவும்போது மச்சானிடம் சொன்னாள்:

"மில்லு எரிஞ்சா எரியட்டுமுங்க. இனிமே ஒரு கெழங்கு நம்ம வாசல்ல அழுகப்படாது. எனக்கு அது ஒண்ணு போதும்."

அவள் வேறெதுவும் கேட்கவில்லை. அதன் பிறகு அவர்கள் செய்ததெல்லாம் அந்த ஒன்றுக்காகத்தான்.

மாத்து என்ற சொல் எங்கள் பக்கம் எல்லோர் வாயிலும் இருப்பது. கட்டிய வேட்டி நனைந்துவிட்டால் மாத்து வேட்டி. லாரி டிரைவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் மாத்து டிரைவர். அக்கா அந்தச் சொல்லை மில்லுக்குள் கொண்டுவந்தாள். ஒவ்வொரு பொருளின் முன்னாலும் போய் நின்று, நாளைக்கு இது இல்லையென்றால் என்ன செய்வது என்று யோசித்து, அதற்கு ஒரு மாத்து ஏற்பாடு செய்தாள். ஏற்பாடு செய்தால் மட்டும் போதாது, அந்த மாத்து ஓடுகிறதா என்று மாதத்துக்கு ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றாள்.

அதற்கு அமாவாசையை வைத்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்து மில்களுக்கு அமாவாசைதான் விடுமுறை. இயந்திரங்களைக் கழுவிப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டு ஆட்கள் காலையிலேயே வீட்டுக்குப் போய்விடுவார்கள். வேலை நாளில் ஓடுகிற மோட்டாரைச் சும்மா நிறுத்துவது என்பது யாருக்கும் தோன்றவே தோன்றாத காரியம். அடுப்பில் கொதிக்கிற சோற்றை இறக்கிவைத்துவிட்டுப் பானையைச் சோதிப்பது போல.

நான் அப்போது ஒரு பஸ் தூரத்தில் இருந்த ஊரில் தபால் ஆபீஸில் குமாஸ்தா. அமாவாசையன்று ஆபீஸ் முடிந்ததும் பஸ் ஏறிவிடுவேன். அவர்கள் எனக்காகக் காத்திருப்பார்கள்.

"வந்துட்டாரு மாப்பிள்ளை," என்பார் மச்சான். "இனி சுவத்துல பல்லி கத்துனாலும் தேதி குத்தி வெச்சுருவாரு."

அவர் முன்னால் நடப்பார். ஒவ்வொன்றையும் தொட்டுக் கேட்பார். அக்கா பின்னால் வந்தபடி பதில் சொல்வாள்.

"மோட்டாருக்கு மாத்து?"

"ஆயில் எஞ்சின். போன மாசம் ஓட்டிப் பாத்தாச்சு."

"இந்த மாசம்?"

"ஓட்டுங்களேன். கை என்ன வலிக்குதா?"

அவர் எஞ்சினைச் சுழற்றுவார். முதல் சுற்றில் எடுக்காது. அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவாள். அது இருமிக்கொண்டு ஓட ஆரம்பித்ததும், கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துவார்கள்.

"பெல்ட்டுக்கு?"

"பரண்ல இருக்குது. எலி கடிக்காம வேப்பெண்ணெ தடவி வெச்சிருக்கறேன்."

"தண்ணிக்கு?"

"பக்கத்துத் தோட்டத்துக் கெணறு. வாய்க்கா வெட்டியாச்சு, பாத்தீங்களல்ல."

"மில்லுக்கே மாத்து?"

"பாய் மில்லு."

சேலம் டவுனிலிருந்து வந்து எங்கள் ரோட்டிலேயே சற்றுத் தள்ளி மில் போட்டிருந்த முஸ்லிம் வியாபாரி அவர். எரிந்த வருடத்தில் அவர் மில்லிலும் இடமில்லாமல் எங்கள் வண்டிகளைத் திருப்பி அனுப்பியிருந்தார். அது அவர் மனதில் இருந்திருக்கிறது. அக்கா போய்க் கேட்டபோது அவரே சொன்னாராம்: "தங்கச்சி, எம் மில்லு நின்னா நான் உன் வாசலுக்கு வந்து கேப்பேன். உன் மில்லு நின்னா நீ வரவேண்டாம். நானே லாரியோட வந்துருவேன்." அவ்வளவுதான் ஒப்பந்தம். இரண்டு பக்கமும் டீ குடித்தார்கள்.

ஒரு அமாவாசையன்று எல்லாம் முடிந்து கிளம்பும்போது, மச்சான் விளையாட்டாகத் தன் நெஞ்சைத் தட்டிக் கேட்டார்.

"எனக்கு மாத்து?"

"உங்களுக்கா? ஒரு ரேடியோப் பொட்டி வாங்கி வெச்சாப் போதுமுங்க. நாள் முச்சூடும் கத்தும்."

நான் சிரித்த சிரிப்பில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, உனக்கு?"

அக்கா அப்போது சல்லடைச் சட்டத்தில் ஒரு நட்டைக் கையால் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அதை அடுத்த அமாவாசைக்குப் பாக்கலாம். இந்த நட்டு ஆடுது, முறுக்குங்க முதல்ல."

அடுத்த அமாவாசைக்கு யாருக்கும் அது நினைவில்லை.

இதையெல்லாம் ஒழுங்காக எழுதித் தருகிறேன் என்று நான் சொன்னதுண்டு. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "எழுதி வெச்சா, தீப்புடிச்ச அன்னைக்கு அதைத் தேட ஒரு ஆளு, படிக்க ஒரு ஆளு வேணும் சாமி. காலுல இருக்கோணும். காலுல இருந்தா அதுவா ஓடும்" என்றாள். அவள் சொன்னது சரியென்றே பட்டது. ஒரு தை மாதம் மோட்டாருக்குள் காயில் கம்பி கருகியபோது யாரும் கூடி நின்று பேசவில்லை. ஒருவர் எஞ்சினிடம் ஓடினார், ஒருவர் பெல்ட்டைத் தூக்கினார், மதியச் சோற்றுக்குள் அரைவை ஓடியது. மின்வெட்டுக் காலங்களில் மற்ற மில்கள் இருட்டில் நின்றபோது எங்கள் எஞ்சின் சத்தம் ரோடுவரை கேட்டது. தம்மம்பட்டிக்காரர் இதைக் கேள்விப்பட்டு மறுபடி எங்கள் மில்லுக்கே கிழங்கு கொண்டுவர ஆரம்பித்தார். அவர் வண்டி முதல்முறை வாசலில் திரும்பியபோது, அக்கா அரைவைக் கொட்டகையிலிருந்து ஓடிவந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள்.

களத்தின் ஓரத்தில் ஒரு வேப்பமரத்தில் தண்டவாளத் துண்டு ஒன்று கட்டித் தொங்கும். காயப்போட்ட ஜவ்வரிசிக்கு மழைதான் எதிரி. மேகம் கறுத்தால் காவல்காரர் அதை இரும்புக் கம்பியால் விட்டு விட்டு அடிப்பார். தோல் சீவுகிற பெண்கள், குலுக்குகிற பெண்கள், எல்லோரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் களத்துக்கு ஓடுவார்கள். தள்ளுபலகையால் கூட்டிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள். மில் தொடங்கிய நாளிலிருந்து அந்தச் சத்தத்துக்கு அந்த ஒரு அர்த்தம்தான்.

எழுபத்தொன்பதாம் வருடம் பங்குனி அமாவாசையன்று சுற்றிவரும்போது, வறுவல் அடுப்பின் புகைக்கூண்டில் ஒரு விரிசலைப் பார்த்தோம். செங்கல் கூண்டு. களத்தை ஒட்டி நின்றது. கொத்தனாரை அப்போதே வரவழைத்துக் காட்டினார்கள். அவர் ஏணி வைத்து ஏறிப் பார்த்துவிட்டு, "இந்த சீசன் தாங்குமுங்க. முடிஞ்சதும் பிரிச்சுக் கட்டீரலாம்" என்றார். அதற்கும் மாத்து இருந்தது. இரும்புத் தகட்டில் செய்த குழாய்க் கூண்டு கொட்டகைக்குப் பின்னால் கிடந்தது. ஆனால் அதை மாட்ட அடுப்பை ஆறவிட்டு மில்லை நிறுத்த வேண்டும். சித்திரை முடிய கிழங்கு வரும் என்று சொல்லியிருந்தவர்கள் இருந்தார்கள். பாய் மில்லிலும் அப்போது கிழங்கு மலைபோலக் கிடந்தது. வைகாசியில் பிரிப்பது என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

அதுவரைக்கும் அக்கா ஒரு ஏற்பாடு செய்தாள். காற்று பலமாகி, கூண்டு ஆடுவது போலத் தெரிந்தால், காவல்காரர் தண்டவாளத்தை விடாமல் அடிக்க வேண்டும். விட்டு விட்டு அடித்தால் மழை, விடாமல் அடித்தால் ஆபத்து. ஆபத்து என்றால் எல்லோரும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ரோட்டுப் புளியமரத்தடிக்குப் போய்விட வேண்டும். கடைசியாக வருவது அக்கா. அவள் கேட்டைத் தாண்டியதும் கையைத் தூக்கிக் காட்டுவாள். அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் காவல்காரர் அடிப்பதை நிறுத்த வேண்டும்.

அன்றைக்கே ஒத்திகையும் பார்த்தோம். காவல்காரர் விடாமல் அடித்தார். மச்சானும் நானும்தான் வேலையாட்கள். களத்திலிருந்து புளியமரத்துக்கு நடந்தோம். மச்சான் இடுப்பில் கைவைத்துப் பெண்பிள்ளை போல நடந்து காட்டினார். அக்கா சிரிக்கச் சிரிக்கப் பின்னால் ஓடிவந்து, கேட்டைத் தாண்டி, வலது கையை உயர்த்தினாள்.

"எல்லாரும் வந்தாச்சு! நிறுத்துங்கோ!"

மறுநாள் காலை வேலைக்கு வந்த பெண்களை நிற்கவைத்து எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாள். "சரீங்கக்கா" என்று தலையாட்டிவிட்டுக் கிழங்குக் குவியலுக்குப் போனார்கள். அவர்கள் காதில் அந்தச் சத்தம் விழுந்ததே இல்லை. நாங்கள் ஒத்திகை பார்த்தது அமாவாசையன்று, ஆட்கள் இல்லாத நாளில். எத்தனையோ யோசித்த அக்காவுக்கும் அது தோன்றவில்லை, மச்சானுக்கும் எனக்கும் தோன்றவில்லை. இயந்திரங்களுக்கு எது நல்ல நாளோ அதுதான் ஆட்களுக்கும் என்று எப்படியோ ஆகிவிட்டிருந்தது.

சித்திரை பாதி கடந்திருந்தது. அன்று நடந்ததைக் காவல்காரரும் களத்துப் பெண்களும் பிறகு என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள். சொன்னதெல்லாம் ஒன்றாகவே இருந்தது.

மதியத்துக்கு மேல் மலைப்பக்கம் மேகம் கறுத்தது. காவல்காரர் விட்டு விட்டு அடித்தார். களத்தில் இருந்த பெண்கள் வழக்கம்போலக் கூட்டிக் குவித்தார்கள். பிறகு காற்று வந்தது. முதல் அடியிலேயே கொட்டகைத் தகரம் ஒன்று பறந்தது. புகைக்கூண்டின் உச்சியிலிருந்து செங்கல் உதிர்வதைப் பார்த்த காவல்காரர் விடாமல் அடிக்க ஆரம்பித்தார்.

களத்தில் இருந்தவர்களுக்கு அது அவசரம் என்று கேட்டது. மழை நெருங்கிவிட்டது, சீக்கிரம் என்று கேட்டது. இன்னும் வேகமாகக் குவித்தார்கள். தோல் சீவும் கொட்டகையில் இருந்தவர்கள், களத்தில் ஆள் போதவில்லை போலிருக்கிறது என்று அவர்களும் களத்துக்கே ஓடினார்கள். எல்லோரும் கூண்டின் அடியை நோக்கி.

அக்கா எடைமேடையிலிருந்து பார்த்திருக்கிறாள். "ரோட்டுக்கு! ரோட்டுக்கு ஓடுங்கடி!" என்று கத்திக்கொண்டே களத்துக்குள் ஓடினாள். காற்றில் குரல் எடுபடவில்லை. ஒவ்வொருத்தியாகக் கையைப் பிடித்துத் திருப்பித் தள்ளினாள். தார்ப்பாயை விடாமல் பிடித்திருந்த களத்து மூத்தவளின் கையிலிருந்து அதைப் பிடுங்கி எறிந்தாள். "சவ்வரிசி போனாப் போகுது, போடி!" என்றாளாம். அவள் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அதனால்தான் ஓடினோம் என்றாள் அந்த மூத்தவள். எல்லோரும் ஓடினார்கள். எல்லோரும் புளியமரத்தடிக்கு வந்து சேர்ந்தார்கள். அக்கா சொன்னபடியே கடைசியாக வந்துகொண்டிருந்தாள்.

கூண்டு களத்தின் மேல் விழுந்த பிறகும் காவல்காரர் அடித்துக்கொண்டே இருந்தார். கேட்டுக்கு வெளியே கை தெரியவில்லை. கை தெரியாமல் நிறுத்தக்கூடாது என்று அவரிடம் சொல்லியிருந்தது.

எங்கள் தபால் ஆபீஸுக்குத் தந்தி போனில்தான் வரும். எதிர்முனையில் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். நாங்கள் தாளில் எழுதிக்கொள்வோம். முதலில் பெறுநர் பெயர். அது என் பெயர். அப்புறம் எஸ் என்றார், ஐ என்றார். நான் சிஸ்டர் என்று எழுதினேன். கை எழுதிக்கொண்டே போனது. அடுத்த சொல்லின் இரண்டாவது எழுத்து எக்ஸ் என்றதுமே, அது எக்ஸ்பயர்ட் என்று தெரிந்துவிட்டது. இருந்தாலும் அவர் முடிக்கும்வரை எழுதி, சரியென்று சொல்லி, போனை வைத்தேன். பிறகு முத்திரையை எடுத்து அந்தத் தாளில் அன்றைய தேதியைக் குத்தினேன். அதன் பிறகுதான் எழுந்தேன்.

மறுநாள் சுடுகாட்டிலிருந்து திரும்பியபோது மில் வாசலில் பாய் நின்றிருந்தார். இரண்டு லாரிகள் ரோட்டோரம் நின்றன. அவர் மச்சானின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். 

"கவுண்டரே, தப்பா நெனைக்காதீங்க," என்றார். "இன்னைக்கு வரக்கூடாதுதான். ஆனா தங்கச்சிகிட்ட நான் குடுத்த வார்த்தை. கெழங்கை எடுத்துட்டுப் போறேன்."

மச்சான் தலையை மட்டும் அசைத்தார். வாசலில் நின்ற வண்டிகளிலிருந்து கிழங்கு லாரிக்கு மாறியது. பாய் தன் கிழங்கை ஒதுக்கிவிட்டு எங்கள் கிழங்கை முதலில் அரைத்தார். இங்கே ஆட்கள் இடிந்த செங்கலை அகற்றினார்கள். கொட்டகைக்குப் பின்னால் கிடந்த இரும்புக் குழாயை நிமிர்த்தினார்கள். அதை இழுத்துக் கட்டுவதற்கான கம்பிகள் அளவாக வெட்டிப் பரணில் இருந்தன. எந்த மூலையில் எது இருக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை. சித்திரை முடியுமுன் அடுப்பு எரிந்தது, களத்தில் ஜவ்வரிசி காய்ந்தது. அந்தச் சீசனில் எங்கள் வாசலுக்கு வந்த ஒரு வண்டிகூட வீணாகவில்லை.

ஊரில் எல்லோரும் வியந்தார்கள். "அந்தப் பொம்பளை போயும் மில்லு நிக்கலை பாருங்க" என்று டீக்கடையில் பேசிக்கொண்டதை நானே கேட்டேன். மச்சான் காதிலும் விழுந்திருக்க வேண்டும். ஒரு மாலை களத்து மேட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், எதிரே குழாயிலிருந்து போகும் புகையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ஒரு நாளாச்சும் நின்னிருக்கலாமில்ல, மாப்பிள்ளை."

அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. உள்ளே அரைவை ஓடிக்கொண்டிருந்தது. அதை ஓட்டிக்கொண்டிருந்தது அக்கா ஏற்பாடு செய்த மாத்து பெல்ட்.

காரியம் முடிந்த அன்று வீடு நிறைய ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம். அக்காவுக்கும் மச்சானுக்கும் குழந்தை இல்லை. அதனால் பேச்சு எங்கே போகும் என்று எனக்கு முன்பே தெரியும். மச்சானின் பெரியப்பா ஒருவர், நல்ல மனிதர், எதையும் சிரிப்பாகவே சொல்லிப் பழகியவர், வெற்றிலையை மடித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"என்றா சாமி, மில்லுல ஆணி முதக்கொண்டு மாத்து வெச்சிருக்கறே. ஊட்டுக்கு ஒரு மாத்து பாக்க வேண்டாமா?"

இரண்டொருவர் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகு நிறுத்த முடியாமல் அந்தச் சிரிப்பு கொஞ்ச தூரம் தானாகப் போய் நின்றது. மச்சான் எழுந்தார். கோபப்படவில்லை. "இருங்க பெரியப்பா, வாரேன்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வெளியே போனவர், அவர்கள் எல்லோரும் கிளம்பிப்போகும்வரை வரவில்லை. தேடிப் போனபோது அரைவைக் கொட்டகையில் இருந்தார். சல்லடைச் சட்டத்தின் நட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

வைகாசி அமாவாசைக்கு நான் போனேன். போகாமல் இருந்தால் அவர் தனியாகச் சுற்றுவார் என்று தெரியும். எப்போதும்போல என் தேதி குத்தும் பழக்கத்தை அவர் கேலி செய்யவில்லை. முன்னால் நடந்தார்.

"மோட்டாருக்கு மாத்து?"

பின்னால் சத்தமில்லை. கொஞ்சம் பொறுத்து நான், "ஆயில் எஞ்சின், மச்சான்" என்றேன்.

"நீ சொல்லாத மாப்பிள்ளை," என்றார் திரும்பாமல். "நீ கூட வந்தாப் போதும்."

அப்படியே எல்லாவற்றையும் தொட்டுக் கேட்டுக்கொண்டு போனார். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் பதிலுக்கு வேண்டிய நேரம் நின்றுவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தார். எஞ்சின் முன்னால் கொஞ்சம் கூடுதலாக நின்றார். அங்கேதான் அக்கா அவரைக் கேலி செய்வாள்.

புதுப் புகைக்கூண்டு அந்த ஐப்பசியில் கட்டி முடிந்தது. அதே கொத்தனார் கூலி வாங்க மாட்டேன் என்று அழுததையும், மச்சான் அவர் தோளைத் தட்டிக் கையில் திணித்ததையும் பார்த்தேன். அடுத்த சீசன் தொடங்கி, எண்பதாம் வருடம் பிறந்து, தைப்பொங்கல் கழிந்த வாரத்தில் எனக்கு ஆள் சொல்லியனுப்பினார். அமாவாசை இல்லையே என்று யோசித்துக்கொண்டே லீவு போட்டுவிட்டுப் போனேன்.

மில் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மச்சான் நேராக மோட்டாரிடம் போய் அதை நிறுத்தினார். பெல்ட் தளர்ந்து, அரைவை அடங்கி, சல்லடை கடைசியாக ஒருமுறை ஆடி நின்றது. தோல் சீவும் பெண்கள் கத்தியும் கையுமாகப் பார்த்தார்கள். காரணமில்லாமல் அந்த மோட்டார் நின்று அவர்கள் பார்த்ததில்லை.

"ஒண்ணும் ஆகலை," என்றார். "இப்ப ஒரு சத்தம் கேக்கும். அது மழையில்லை. அது கேட்டா என்ன பண்ணோணுமின்னு உங்களுக்குத் தெரியும். உங்க அக்கா சொல்லியிருக்கறா. பண்ணுங்க."

காவல்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் கம்பியை எடுத்தார். பிறகு விடாமல் அடிக்க ஆரம்பித்தார்.

கொட்டகைகளிலிருந்து பெண்கள் எழுந்தார்கள். ஒருத்தி களத்துப் பக்கம் ஒரு அடி வைத்துவிட்டுச் சட்டென்று திரும்பினாள். அழுதுகொண்டே ரோட்டுக்கு நடந்தாள். மற்றவர்களும் நடந்தார்கள். ஓடச் சொல்லியிருந்தது, ஆனால் யாராலும் ஓட முடியவில்லை. புளியமரத்தடியில் வந்து நின்று கேட்டைப் பார்த்தார்கள். மச்சான் ஒவ்வொருவராகப் பார்த்து எண்ணிக்கொண்டார். நானும் அவர் பக்கத்தில் நின்றேன்.

சத்தம் நிற்கவில்லை. காவல்காரர் வேப்பமரத்தடியிலிருந்து கேட்டையே பார்த்தபடி அடித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் வந்தாச்சுங்களே," என்றாள் களத்து மூத்தவள் மெதுவாக.

"இல்லை," என்றார் மச்சான். "இன்னும் ஒருத்தர் வரோணும்."

ரோட்டில் ஒரு லாரி போனது, டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். தண்டவாளம் கணீர் கணீரென்று அடித்துக்கொண்டே இருந்தது. கேட்டுக்குள் வெறும் களம், அதில் வெள்ளையாக ஜவ்வரிசி. அந்தச் சில மாதங்களில் மச்சான் ஒத்திகைக்கென்று எல்லாம் யோசித்திருந்தார். காவல்காரருக்கு மாத்து ஆள் வைத்திருந்தார், முன்கேட் அடைபட்டால் பின்பக்கம் ஒரு வழி திறந்திருந்தார். கடைசியாக வந்து கையைத் தூக்குவது யார் என்று மட்டும் அவர் யாரையும் வைத்திருக்கவில்லை.

களத்து மூத்தவள்தான் போனாள். தார்ப்பாயைப் பிடுங்கி எறிந்து அக்கா ரோட்டுக்குத் துரத்திய அதே பெண். புளியமரத்தடியிலிருந்து கேட் வரை நடந்து, காவல்காரருக்குத் தெரிகிற இடத்தில் நின்று, வலது கையைத் தூக்கினாள். முழங்கைவரை மாவு அப்பியிருந்தது.

சத்தம் நின்றது.

மச்சான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பயந்துபோய்க் கையை இறக்கப் போனாள்.

"இருக்கட்டும் அம்மிணி," என்றார். "இனி அது உன்ற வேலை."

அப்போது ரோட்டில் ஒரு மாட்டுவண்டி வந்து திரும்பியது. தம்மம்பட்டிக்காரர். மில் நின்றிருப்பதையும் பெண்கள் எல்லோரும் மரத்தடியில் இருப்பதையும் பார்த்து, வண்டியிலிருந்து அப்படியே குதித்தார். "ஏனுங்க, என்னாச்சுங்க?" என்று கேட்டுக்கொண்டே ஓடிவந்தவர், மச்சான் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நின்றுவிட்டார்.

மச்சான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வண்டியில் இருந்த கிழங்கைப் பார்த்தார். முந்தின நாள் பிடுங்கியது. மண் இன்னும் காயவில்லை.

"போய் மோட்டாரைப் போடுங்க," என்றார் பெண்களிடம். "கெழங்கு நிக்குது."

எல்லோரும் உள்ளே போனார்கள். அரைவைச் சத்தம் எழுந்தது. அவர் மட்டும் புளியமரத்தடியிலேயே, கேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். நான் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பும்போதும் அங்கேதான் இருந்தார். அன்றும் எங்கள் வாசலில் ஒரு கிழங்கு அழுகவில்லை.